மேல் கோர்ட்டும் கீழ்க் கோர்ட்டும் ஒன்றானால் அப்பீல் எங்கே போகும்? கலிஃபோர்னியாவின் 220ஆம் முன்மொழிவு

1998 ஜூன் 2ஆம் தேதி கலிஃபோர்னியா வாக்காளர்களிடம் வந்த வாக்குச்சீட்டில் 220 என்ற எண்ணுடன் ஒரு கேள்வி இருந்தது. ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) இருக்கும் சுப்பீரியர் கோர்ட்டும் முனிசிபல் கோர்ட்டும், அங்குள்ள நீதிபதிகள் சம்மதித்தால், ஒரே நீதிமன்றமாகிக்கொள்ளலாம் என்று மாநில அரசியல் சாசனத்தைத் திருத்தலாமா என்பதே அந்தக் கேள்வி. வாக்களித்தவர்களில் அறுபது சதவீதத்துக்கும் மேலானோர் 'ஆம்' என்றார்கள். அடுத்த மூன்று ஆண்டுக்குள் மாநிலத்தின் 58 கவுண்டிகளிலும் முனிசிபல் கோர்ட் என்ற ஒன்றே இல்லாமல் போனது.

இதை நிர்வாகச் சீரமைப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். எழுத்தர்கள் குறைவார்கள், கட்டடங்கள் மிச்சமாகும், நீதிபதிகளை எங்கு வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம் என்றெல்லாம் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த இரண்டு நீதிமன்றங்களும் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருந்தவை அல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக இருந்த மாடிகள். கீழே சொன்ன தீர்ப்பு சரியா என்று பார்க்கும் வேலை மேலே இருந்தது. மாடியையும் தரைத்தளத்தையும் ஒரே தளமாக்கினால் அந்த வேலையை யார் செய்வது? 220ஆம் முன்மொழிவில் கருத்தூன்றிப் படிக்க வேண்டியது இதற்கான விடையைத்தான். இணைக்கலாம் என்பது ஒரு வாசகம். மற்ற வாசகங்களில் பெரும்பகுதி தையல் வேலை.

முதலில் பெயரைத் தெளிவாக்கிவிடலாம். முனிசிபல் கோர்ட் என்றதும் நகராட்சியோடு சேர்த்து எண்ண வேண்டாம். அது கவுண்டிக்குள் ஒரு வட்டாரத்துக்கான விசாரணை நீதிமன்றம். சிறைத்தண்டனை ஓராண்டைத் தாண்டாத சிறுகுற்றங்கள், போக்குவரத்து விதிமீறல்கள், 25,000 டாலர் வரையிலான சிவில் வழக்குகள், 5,000 டாலர் வரையிலான சிறுதொகை வழக்குகள் ஆகியவை அங்கே நடந்தன. பெருங்குற்றங்கள், 25,000 டாலருக்கு மேற்பட்ட வழக்குகள், விவாகரத்து, உயில், சிறார் வழக்குகள் எல்லாம் சுப்பீரியர் கோர்ட்டுக்கு. முனிசிபல் கோர்ட் தீர்ப்பின் மீதான அப்பீலும் அங்கேதான் போகும்.

ஒரு பெருங்குற்ற வழக்கு இந்த இரண்டு மாடிகளில் எப்படி ஏறியது என்று பார்த்தால் சிக்கல் புரியும். புகார் முதலில் முனிசிபல் கோர்ட்டில் தாக்கலாகும். குற்றம் சாட்டப்பட்டவரை அங்கே நிறுத்திக் குற்றச்சாட்டை வாசிப்பார்கள். பிறகு அங்கேயே முதல்நிலை விசாரணை. 'விசாரணைக்கு அனுப்பப் போதிய காரணம் இருக்கிறது' என்று முனிசிபல் நீதிபதி உத்தரவிட்டால், 15 நாளுக்குள் அரசு வழக்கறிஞர் சுப்பீரியர் கோர்ட்டில் புதிதாகக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். கேஸ் கட்டு ஒரு எழுத்தர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரும். அதே ஆளை நிறுத்தி அதே குற்றச்சாட்டை மறுபடி வாசிப்பார்கள். ஒரே சம்பவத்துக்கு இரண்டு நீதிமன்றங்களில் இரண்டு கட்டு, இரண்டு நாள்குறிப்பு. முனிசிபல் நீதிபதி ஒருநாள் வேலையில்லாமல் இருந்தாலும் சுப்பீரியர் கோர்ட்டில் குவிந்து கிடக்கும் வழக்கு ஒன்றை எடுத்து நடத்த முடியாது. மாநிலத் தலைமை நீதிபதி அவரை அங்கே நியமித்து உத்தரவு போட்டால்தான் முடியும். இணைப்பு வேண்டும் என்றவர்களின் வலுவான வாதம் இதுதான். நியாயமான வாதமும்கூட.

இந்த இடத்துக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது. 1879 அரசியல் சாசனம் சுப்பீரியர் கோர்ட்டுகளை உருவாக்கியது. அவற்றுக்குக் கீழே போலீஸ் கோர்ட், நகர கோர்ட், டவுன்ஷிப் கோர்ட் என்று பல வகை நீதிமன்றங்கள் முளைத்துக் கிடந்தன. 1950 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற திருத்தம் ஒன்று அவற்றை இரண்டே வகையாகச் சுருக்கியது. 40,000 பேருக்கு மேல் வாழும் வட்டாரத்துக்கு முனிசிபல் கோர்ட், அதற்குட்பட்ட வட்டாரத்துக்கு ஜஸ்டிஸ் கோர்ட். ஜஸ்டிஸ் கோர்ட் நீதிபதி வழக்கறிஞராக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை. 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் கார்டன் வழக்கில் அதைத் தடுத்தது. சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்ற விசாரணையைச் சட்டம் படிக்காத ஒருவர் நடத்துவது உரிய நடைமுறைக்கான உரிமையை மீறுகிறது என்றது. அதன் பிறகு ஜஸ்டிஸ் கோர்ட்டுக்கும் முனிசிபல் கோர்ட்டுக்கும் இருந்த வேறுபாடு தேய்ந்துகொண்டே வந்தது. 1994 நவம்பரில் 191ஆம் முன்மொழிவு ஜஸ்டிஸ் கோர்ட்டையே நீக்கியது. 1995 ஜனவரி 1 முதல் எஞ்சியிருந்த ஜஸ்டிஸ் கோர்ட்டுகள் முனிசிபல் கோர்ட்டுகளாயின. மூன்று படி இரண்டு படியாகிவிட்டது. இரண்டை ஒன்றாக்குவது மட்டும் மிச்சம்.

அதற்கான தீர்மானத்தை மாநில செனட்டில் கொண்டுவந்தவர் பில் லாக்கியர். கலிஃபோர்னியாவில் சட்டமன்றம் முன்வைக்கும் சாசனத் திருத்தம் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற்ற பின்பே வாக்குச்சீட்டுக்கு வரும். மக்களிடம் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். வாக்கெடுப்புக்கு முந்தைய ஆண்டே அதிகம் பேசப்படாத இன்னொரு வேலையும் நடந்தது. விசாரணை நீதிமன்றங்களின் செலவை அதுவரை பெருமளவு கவுண்டிகள் சுமந்து வந்தன. 1997இல் லாக்கியர்–ஐசன்பர்க் சட்டம் அந்தப் பொறுப்பை மாநில அரசுக்கு மாற்றியது. 220ஐப் புரிந்துகொள்ள இந்த வரிசை முக்கியம். இரண்டு கோர்ட்டுகளின் பணமும் ஒரே பெட்டியிலிருந்து வரத் தொடங்கிய பிறகு, அவை இரண்டாக இருப்பதற்கு நிதிக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. பண ஏற்பாட்டைத் தொடாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியிருந்தால், எந்த எழுத்தருக்கு யார் சம்பளம் தருவது என்ற சண்டையிலேயே பாதி கவுண்டிகள் நின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

தையல் வேலை

220 எந்தக் கோர்ட்டையும் தானாக இணைக்கவில்லை. இணைய வழி மட்டும் திறந்தது. கவுண்டியின் சுப்பீரியர் நீதிபதிகளில் பாதிக்கு மேற்பட்டோரும், முனிசிபல் நீதிபதிகளில் பாதிக்கு மேற்பட்டோரும், தனித்தனியே ஆதரித்து வாக்களிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டி எண்ணக்கூடாது. கூட்டி எண்ணினால், எண்ணிக்கையில் கூடிய தரப்பு மற்றதை விழுங்கிவிடும். முனிசிபல் நீதிபதிகளுக்கு இணைப்பில் ஆதாயம் இருந்தது. அவர்கள் சம்பளம் சுப்பீரியர் நீதிபதிகளைவிட ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் குறைவு, இணைந்தால் சமமாகும். அதனால் தயக்கம் எந்தத் தரப்பிலிருந்து வரும் என்பது ஊகிக்கக் கூடியதுதான். தனித்தனி பெரும்பான்மை என்ற நிபந்தனை அந்தத் தயக்கத்துக்கும் ஓர் எடை கொடுத்தது.

இணைந்ததும் முனிசிபல் நீதிபதி பதவி ஒழியும். அதில் இருப்பவர் சுப்பீரியர் நீதிபதியாவார். பதவிக்காலத்தில் மாற்றம் இல்லை. சுப்பீரியர் நீதிபதியாக 10 ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். முனிசிபல் நீதிபதிக்கு 5 போதும். ஏற்கெனவே பதவியில் இருப்பவருக்கு அந்த 10 ஆண்டு நிபந்தனை பொருந்தாது என்று திருத்தமே விலக்கு தந்தது. எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டிய இடங்களில் இதுவும் ஒன்று. போக்குவரத்து அபராத வழக்கு கேட்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், மறுநாள் கொலை வழக்கோ குழந்தையின் பராமரிப்பு வழக்கோ கேட்கலாம். அதற்காக யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்தக் குறையைத் தள்ளிவிட முடியாது. நீதிபதிகளுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்யலாம் என்று, மாநில நீதிமன்றங்களுக்கு விதி வகுக்கும் அமைப்பான ஜூடீஷியல் கவுன்சிலுக்கு ஒரு வாசகத்தில் அதிகாரம் தரப்பட்டிருந்தது. அதுதான் கொடுக்கப்பட்ட மருந்து.

இனி அப்பீல். அன்றைய சாசனத்தின்படி, சுப்பீரியர் கோர்ட் முதலில் விசாரித்த வழக்கின் அப்பீல், கோர்ட் ஆஃப் அப்பீல் எனப்படும் அடுத்த மேல் நீதிமன்றத்துக்குப் போகும். இணைப்புக்குப் பிறகு எல்லா வழக்கையும் முதலில் விசாரிப்பது சுப்பீரியர் கோர்ட்தான். அந்த வாசகத்தைத் தொடாமல் விட்டிருந்தால், சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு அபராதம் கட்டச் சொன்ன தீர்ப்பும், மூவாயிரம் டாலர் வாடகைத் தகராறும் நேரே கோர்ட் ஆஃப் அப்பீலில் போய் விழுந்திருக்கும். அந்த நீதிமன்றங்கள் ஒரே ஆண்டில் மூச்சுத் திணறியிருக்கும்.

திருத்தத்தை எழுதியவர்கள் இதற்குக் கண்ட வழி எளிமையானது, கொஞ்சம் விசித்திரமும்கூட. ஒரு தேதியில் கடிகாரத்தை நிறுத்தினார்கள். 1995 ஜூன் 30 அன்று எந்த வகை வழக்குகள் கோர்ட் ஆஃப் அப்பீலுக்குப் போய்க்கொண்டிருந்தனவோ, அந்த வகை வழக்குகளே இனியும் அங்கே போகும் என்று சாசனத்தில் எழுதினார்கள். மற்றவை சுப்பீரியர் கோர்ட்டுக்குள்ளேயே அமையும் அப்பீல் பிரிவுக்கு. அந்தத் தேதி இன்றும் கலிஃபோர்னியா சாசனத்தின் 6ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது. பின்னணி தெரியாமல் படிப்பவர், அந்த நாளில் ஏதோ நடந்தது போல என்று குழம்புவார். நடந்தது எதுவுமில்லை, அது ஒரு கோடு மட்டுமே.

கோடு போட்டாயிற்று. ஆனால் அப்பீல் பிரிவில் உட்காருபவர் யார்? நேற்று அந்தத் தீர்ப்பைச் சொன்ன நீதிபதியின் பக்கத்து அறைக்காரர். மதியம் சேர்ந்து சாப்பிடுபவர். அடுத்த மாதம் இவர் தீர்ப்பை அவர் பார்க்க வேண்டி வரலாம். மேல் மாடியில் இருந்தவர் கீழே உள்ளவரைத் திருத்துவதும், சகபாடி சகபாடியைத் திருத்துவதும் ஒன்றல்ல. அதனால்தான் அப்பீல் பிரிவுக்கு நீதிபதிகளை அந்தந்தக் கோர்ட்டே நியமிக்காமல், மாநிலத் தலைமை நீதிபதி குறித்த காலத்துக்கு நியமிக்க வேண்டும் என்றும், அதற்கான விதிகள் அந்தப் பிரிவின் சுதந்திரத்தைக் காப்பதாக இருக்க வேண்டும் என்றும் சாசனத்திலேயே வைத்தார்கள். வேறு கவுண்டி நீதிபதியையோ ஓய்வு பெற்றவரையோ அங்கே போடவும் சட்டம் இடம் தருகிறது. முழுப் பாதுகாப்பு என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்த ஏற்பாட்டைச் சாதாரணச் சட்டத்தில் வைக்காமல் சாசனத்தில் வைத்தது சரியான முடிவு. சட்டத்தை அடுத்த பட்ஜெட் நெருக்கடியில் மாற்றிவிடலாம்.

குற்ற வழக்கிலும் இதே கேள்வி உண்டு. முதல்நிலை விசாரணையில் போதிய காரணம் இல்லாமலே தன்னை விசாரணைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர் நினைத்தால், குற்றப்பத்திரிகையை ரத்து செய்யக் கோரி மனுப் போடலாம். முன்பு அதைச் சுப்பீரியர் நீதிபதி பார்த்தார். உத்தரவிட்டவர் முனிசிபல் நீதிபதி. இருவரும் ஒரே கோர்ட் ஆனபின், தன் உத்தரவைத் தானே சரிபார்க்கும் நிலை வந்துவிடக் கூடாதல்லவா? அப்படிப்பட்ட பரிசீலனையை, மூல உத்தரவைப் போட்டவர் அல்லாத வேறொரு நீதிபதியே செய்ய வேண்டும் என்று திருத்தம் கட்டாயமாக்கியது. சிறுதொகை வழக்கில் தோற்ற பிரதிவாதி கேட்கும் மறுவிசாரணைக்கும் இதே விதி.

நூறு நீதிபதிகள் உள்ள ஊரில் இது பெரிய விஷயமே இல்லை. ஆல்பைன் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சியரா மலையில் சுமார் 1,200 பேர் வாழும் கவுண்டி, மொத்தம் இரண்டு நீதிபதிகள். ஒருவர் முதல்நிலை விசாரணை நடத்தினால், ரத்து மனுவை மற்றவர் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு தரப்பும் காரணத்தை நிரூபிக்காமலே, பிரமாணப் பத்திரம் ஒன்று கொடுத்து ஒரு முறை ஒரு நீதிபதியை விலக்கிக்கொள்ளலாம். ஒரு தரப்பு அந்த உரிமையைப் பயன்படுத்தியதும் எஞ்சுவது ஒருவர். மற்ற தரப்பும் பயன்படுத்தினால் யாருமே இல்லை. வெளியிலிருந்து நீதிபதியை வரவழைக்க வேண்டும், வாய்தா தள்ளிப்போகும். எந்த இணைப்புத் திட்டத்தையும் அதன் ஆகச் சிறிய கவுண்டியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பெரிய ஊரில் எந்த ஏற்பாடும் எப்படியாவது ஓடிவிடும்.

சிவில் பக்கத்தில் 25,000 டாலர் கோடு அழியவில்லை, வேறு உருவம் எடுத்தது. முன்பு அது எந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் என்பதைச் சொன்னது. இணைப்புக்குப் பின் அதே கோர்ட்டுக்குள் 'வரம்புக்குட்பட்ட சிவில் வழக்கு' என்ற வகையைக் குறிக்கிறது. இன்றும் அத்தகைய வழக்கின் பிராதில், முதல் பக்கத் தலைப்பிலேயே அந்தச் சொற்களை எழுத வேண்டும். அதை எழுதியதும் வழக்கின் போக்கே மாறும். எதிர்த்தரப்பிடம் எழுத்தில் கேட்கும் கேள்விகள், ஆவணக் கோரிக்கைகள், ஒப்புக்கொள்ளச் சொல்லும் கோரிக்கைகள் எல்லாம் சேர்த்து 35தான். நேரில் உட்கார வைத்து வாக்குமூலம் வாங்குவது ஒரே ஒருமுறை. சின்ன வழக்கில் வக்கீல் செலவு கேட்ட தொகையைத் தின்றுவிடாமல் காப்பதற்கான வரம்பு இது. முனிசிபல் கோர்ட் மறைந்தபோது இதுவும் சேர்ந்து மறைந்திருந்தால் பாதிக்கப்பட்டிருப்பவர்கள் சிறு கடைக்காரர்களும் வாடகைக்காரர்களும். தவறான வகையில் தாக்கல் செய்துவிட்டால் முன்போல் கேஸ் கட்டை இன்னொரு கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை, வகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இணைப்பு தந்த நன்மைகளில் வழக்காடுபவர் நேரடியாக உணர்ந்தது இதுதான். அந்த வரம்பு 2024 ஜனவரி முதல் 35,000 டாலராக உயர்ந்திருக்கிறது.

நூற்றுக்கணக்கான சட்டப்பிரிவுகளில் 'முனிசிபல் கோர்ட்' என்ற சொல் இருந்தது. அவற்றையெல்லாம் மாற்றி எழுதும் பணியைக் கலிஃபோர்னியா சட்டத் திருத்த ஆணையம் செய்தது. சாசனத்தில் மிஞ்சிக் கிடந்த குறிப்புகளைத் துடைக்க 2002 நவம்பரில் 48ஆம் முன்மொழிவு என்று இன்னொரு வாக்கெடுப்பே நடத்த வேண்டியிருந்தது. பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆதரித்தார்கள்.

யாருடைய நீதிபதி?

1998 முடிவதற்குள் பெரும்பாலான கவுண்டிகள் இணைந்துவிட்டன. லாஸ் ஏஞ்சலஸ் 2000 ஜனவரி 22 வரை காத்திருந்தது. அங்கே ஒரு சுப்பீரியர் கோர்ட்டுக்குக் கீழே 24 முனிசிபல் கோர்ட்டுகள். கலிஃபோர்னியாவில் விசாரணை நீதிபதிகள் ஆறாண்டுக்கு ஒருமுறை மக்கள் வாக்கைச் சந்திப்பவர்கள். முனிசிபல் நீதிபதியைத் தேர்ந்தெடுத்தது அந்த வட்டாரம். சுப்பீரியர் நீதிபதியைத் தேர்ந்தெடுப்பது முழுக் கவுண்டி. அதாவது 2000ஆம் ஆண்டுக் கணக்கில் 95 லட்சம் பேர். தன் பகுதியில் தெருத்தெருவாக நடந்து வாக்குக் கேட்கக்கூடிய வேட்பாளருக்கும், பிரசுரச் செலவுக்கே பல்லாயிரம் டாலர் தேவைப்படும் வேட்பாளருக்கும் உள்ள தூரம் அது. லத்தீனோ, கறுப்பின மக்கள் செறிந்து வாழும் வட்டாரங்கள் தங்களுக்குள்ளிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இதில் கரையும் என்ற கவலை வீண் கவலையல்ல.

அது நீதிமன்றத்திலும் பேசப்பட்டது. சிறுபான்மையினரின் வாக்குரிமையைக் காக்கும் மத்திய வாக்குரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவுக்குள் கலிஃபோர்னியாவில் கிங்ஸ், மெர்செட், மான்டரே, யூபா என நான்கு கவுண்டிகள் இருந்தன. தேர்தல் முறையை மாற்றுமுன் அவை மத்திய அரசின் முன் அனுமதி பெற வேண்டும். மான்டரேயில் 1968இல் ஒன்பது கீழ் நீதிமன்ற வட்டாரங்கள். 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, முழுக் கவுண்டிக்கும் ஒரே முனிசிபல் கோர்ட்டாக்கினார்கள். முன் அனுமதி வாங்கவில்லை. லத்தீனோ வாக்காளர்கள் தொடுத்த லோபஸ் வழக்கு இருமுறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996இல் அனுமதியில்லாத் திட்டத்தின்படி தேர்தல் நடத்தும் உத்தரவு செல்லாது என்றது. 1999 ஜனவரியில், மாநிலச் சட்டம் சொன்னதைத்தான் செய்தோம் என்று கவுண்டி சொன்னாலும் முன் அனுமதி வேண்டும் என்றது. இந்தக் கவுண்டிகளில் தாமதம் நேர்ந்ததற்கு இது ஒரு காரணம். கடைசியாக 2001 பிப்ரவரி 8 அன்று கிங்ஸ் கவுண்டி இணைந்தது. 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஷெல்பி தீர்ப்பு, எந்தெந்த இடங்களுக்கு அனுமதி தேவை என்பதைத் தீர்மானித்த சூத்திரத்தையே செல்லாததாக்கியது. இன்று வேறொரு மாநிலம் உள்ளூர்க் கோர்ட் வட்டாரங்களைக் கலைக்க முன்வந்தால், அந்தக் கதவில் நின்று கேள்வி கேட்க யாருமில்லை. வாக்களிப்பவரே கேட்டால்தான் உண்டு.

சிக்கனம் பற்றி ஒரு சொல். வாக்கெடுப்பின்போது தரப்பட்ட மதிப்பீடு, பெரும்பாலான கவுண்டிகள் இணைந்தால் நீண்ட காலத்தில் ஆண்டுக்குச் சில மில்லியன் முதல் பல பத்து மில்லியன் டாலர் வரை மிச்சமாகலாம் என்றது. அதுவும் நிச்சயமில்லை என்ற குறிப்போடு. மாநிலம் முழுவதற்கும் இது சிறிய தொகை. பணத்துக்காக மட்டும் இணைத்தவர்கள் ஏமாந்திருப்பார்கள்.

இணைப்பின்போது எவை தானாக நடக்கும் என்று திருத்தம் ஒரு பட்டியல் தந்தது. ஊழியர்கள் சுப்பீரியர் கோர்ட் ஊழியர்களாவார்கள், பதிவேடுகள் அதனுடையவையாகும், நிலுவை வழக்குகள் பழைய நடைமுறையிலேயே தொடரும், இருக்கும் கோர்ட் இடங்கள் சுப்பீரியர் கோர்ட் இடங்களாகத் தொடரும். கடைசி வாசகத்தைக் கேட்டு ஊர்க்காரர்கள் நிம்மதியடைந்தார்கள்: நம்மூர் கோர்ட் போகாது. ஆனால் முழுப் பட்டியலுக்கும் தலைப்பில் ஒரு நிபந்தனை இருந்தது. 'சட்டம் வேறாகச் சொன்னாலன்றி.' ஊழியர்கள் 2001 முதல் கவுண்டியிடமிருந்து பிரிந்து கோர்ட் ஊழியர்களானார்கள். 2002இல் வந்த சட்டத்தின்படி கட்டடங்களும் 2009 முடிவுக்குள் மாநிலத்தின் பொறுப்புக்குப் போயின. பொருளாதாரச் சரிவுக்குப் பிந்தைய பட்ஜெட் வெட்டுகளில் எந்தக் கிளையை மூடுவது என்று முடிவு செய்யும் நிலை வந்தபோது, தன் வட்டார கோர்ட்டுக்காகப் பேச அந்த வட்டாரம் தேர்ந்தெடுத்த நீதிபதி யாரும் இல்லை. 2013இல் சான் பெர்னார்டினோ கவுண்டி, மொஹாவி பாலைவனத்தின் கிழக்கு ஓரத்தில் அரிசோனா எல்லையை ஒட்டிய நீடில்ஸ் நகரின் நீதிமன்றத்தை மூடியது. அங்கிருப்பவர் போக்குவரத்து அபராதத்தை எதிர்த்து நேரில் வாதாட, ஒருவழிப் பயணமே 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது.